சத்தம் வரலைன்னா வைக்காதீங்க

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். முன்பக்கம் நான். மழை விட்டிருந்தது. மண் வழுக்கியது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டி வளைவில் திரும்பியதும் பெட்டிக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம்.

நடந்தோம். இன்னொன்று. அப்புறம் நிற்காமல் வந்தது. டிங், டிங், டிங்.

பின்பக்கம் தூக்கிய தோட்டத் தலைவர் மாரிமுத்து நின்றுவிட்டார். ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும்.

"மச்சான், என்னா அது?"

"போனு."

"போனா?"

"புள்ளைங்க வீட்டுவேல அனுப்புதுங்க."

"இப்பயா?"

"வளைவு வந்தாச்சில்ல. சிக்னல் வந்திருச்சி."

கை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஏறினோம். மேடு ஏற ஏற பெட்டிக்குள் சத்தம் கூடியது.

பெட்டியில் இருந்தது என் தங்கச்சி ஜெயா. பள்ளிக்கூடத்து டீச்சர்.

போன கிழமை இந்தப் பத்தியில் பீலியடியில் தண்ணீருக்கு நடந்த சண்டையை எழுதியிருந்தேன். படித்துச் சிரித்ததாகச் சொன்னார்கள். சந்தோஷம். இந்தக் கிழமை அப்படி இருக்காது. இதை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப் போட்டு வந்தேன்.

நாலு கோடு

நோய் வந்து ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த காலம் அது. பள்ளிக்கூடம் பூட்டு. பாடமெல்லாம் போனில் நடத்தச் சொன்னார்கள்.

சொல்வது லேசு. எங்கள் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒரு பள்ளத்தில் இருக்கிறது. மூன்று பக்கம் மலை. காம்பராவுக்குள், எங்கள் ஒற்றை அறைக்குள், போனை வைத்தால் மணி பார்க்கத்தான் உதவும்.

ஜெயா சிக்னல் தேடினாள். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினாள். கோயில் வாசலில் நின்றாள். ஃபெக்டரி ரோட்டில் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் குடையோடு. பார்த்தவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் ஒரு இடம் கிடைத்தது. தோட்டத்து மயானம். அது ஒரு மேட்டில் இருக்கிறது. அங்கே நின்றால் ராகலைப் பக்கத்து டவர் நேராகத் தெரியும்.

"அண்ணே! நாலு கோடும் வந்திருச்சி!" என்று சமாதிகளுக்கு நடுவில் நின்று கத்தினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகக் கத்தி நான் கேட்டது அவளுக்கு வேலை கிடைத்த அன்று. அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போக மாட்டார்கள். சாவு என்றாலும் வளைவோடு திரும்பிவிடுவார்கள். இவள் தினம் காலையில் உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறாள் என்று லயம் முழுக்கப் பேச்சு.

பக்கத்துக் காம்பரா காளியம்மா அத்தை, எங்கள் அப்பாவின் தங்கை, நேராகவே கேட்டது.

"ஏன்டி ஜெயா, சுடுகாட்டுல பொம்பளைக்கு என்னாடி வேல?"

"பாடம் நடத்துறேன் அத்த."

"யாருக்கு? படுத்துக் கெடக்குறவங்களுக்கா?"

"அவங்களும் கேக்கட்டும். வேணாம்னா எந்திரிச்சிப் போகட்டும்."

"வாயப் பாரு. கல்யாணம் ஆகாத புள்ள. காத்துக் கருப்பு அடிச்சா யாருடி பாக்குறது?"

"அடிச்சா அதுக்கும் வீட்டுவேல குடுத்துருவேன். அப்பறம் வராது."

அத்தை என்னைப் பார்த்தது. "நீயாவது சொல்லேன்டா. மரம் மாதிரி நிக்கிற."

நான் மரம் மாதிரித்தான் நின்றேன். ஜெயாவிடம் சொல்லி ஆகாது. எனக்கு ஃபெக்டரியில் ராவேலை. பகலில் சும்மாதான் இருப்பேன். கூடப் போய் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அப்படித்தான் நானும் பள்ளிக்கூடம் போனேன். ஐந்தாம் வகுப்போடு விட்டவன், நரைத்த பிறகு. மறந்துபோன எழுத்தெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் திரும்ப வந்தது.

பேய் மாமா

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆள் குறைவு. சின்ன வகுப்பும் ஜெயாதான். பெரிய வகுப்புக்குத் தமிழும் ஜெயாதான். காலையில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள். பிறகு நடு வகுப்புகள். பனி ஏறுவதற்கு முன்னால் பதினோராம் ஆண்டு, ஓஎல் பரீட்சை எழுதப் போகிறவர்கள்.

ஒரே கதிரை. ஒரே போன். ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருப்பாள். சின்னதுகளோடு பேசும்போது குரலில் வெல்லம் இருக்கும். நடு வகுப்புக்கு அதட்டல். பதினோராம் ஆண்டு வந்தால் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாள். போனில் அது தெரியாது. இருந்தும் அப்படித்தான் உட்காருவாள்.

எங்கள் லயத்துப் பிள்ளைகளை மயானத்துக்குள் விடவில்லை. அவர்கள் வளைவில், தேயிலைக்கு நடுவில் உள்ள கல்லில் உட்கார்ந்து போனில் கேட்பார்கள். மேலே டீச்சரின் குடை தெரியும். கத்தினால் கேட்கிற தூரம். ஆனாலும் போனில்தான் பதில் சொல்வார்கள். அதுதானே வகுப்பு.

மற்றதுகள் எல்லாம் வேறு வேறு இடத்தில். ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் சுபா என்று ஒரு குட்டி. இரண்டாம் ஆண்டு. முன்பல் இல்லை. முகம் காட்டியே ஆக வேண்டும் என்று அடம் பிடிக்கும். சின்ன வகுப்புக்கு மட்டும் முகம் தெரிகிற மாதிரிக் கூப்பிடுவாள் ஜெயா. அவள் கூப்பிடக் கொஞ்சம் பிந்தினாலும் சுபாவே கூப்பிட்டு எல்லாரையும் சேர்த்துவிடும்.

ஒரு நாள் ராவேலை முடித்த அசதியில் ஒரு சமாதிக் கட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டேன். குறட்டை.

"டீச்சர், பின்னுக்கு என்னமோ உறுமுது!" என்று சுபாவின் குரல்.

"அதா? அது பேய்."

எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூச்சல்.

"டீச்சர், கடிக்குமா?"

"கடிக்காது. சாப்புட்டுட்டுத் தூங்குது. இருங்க காட்டுறேன்."

போனைத் திருப்பியிருக்கிறாள். நான் கண் திறந்து பார்த்தால், கண்ணாடிக்குள் சின்னச் சின்ன முகங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

அன்றிலிருந்து நான் பேய் மாமா. வகுப்பு தொடங்கும்போது என்னைப் பார்த்து வணக்கம் சொல்லாமல் விடமாட்டார்கள்.

மூச்சை ஒளிக்கிறவள்

ஜெயாவுக்குச் சின்ன வயதிலிருந்து இளைப்பு. காம்பராவுக்குள்ளேதான் அடுப்பு. புகை போக வழியில்லை. எங்களுக்குக் கண் எரியும். அவளுக்கு நெஞ்சு அடைக்கும்.

அப்போதெல்லாம் இருமுகிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்காக இவள் இருமலை அடக்கப் பழகினாள். வாயை மூடிக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்க, சத்தமே வராமல் இருமுவாள். முகம் கறுத்துப்போகும். வாத்தியார் பார்த்தால் சிரிப்பாள்.

வளர்ந்த பிறகு பம்பு வந்தது. மூச்சு முட்டும்போது வாயில் வைத்து அடிக்கிற மருந்து. சேலைக்குள் செருகி வைத்திருப்பாள்.

மேட்டில் காற்று ஒரு மாதிரி. வெயில் இருந்தாலும் குளிரும். பனி கீழிருந்து ஏறி வந்து ஆளை மூடும். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கவனித்தேன். பாடத்தின் நடுவில் ஜெயா போனில் ஓர் இடத்தை அமுக்குவாள். பம்பை எடுத்து அடிப்பாள். குனிந்து இருமுவாள். கண்ணைத் துடைப்பாள். மறுபடி அமுக்குவாள்.

"ஆ... புள்ளைங்களா, கேக்குதா? சிக்னல் போயிருச்சி."

"என்னாத்த அமுக்குற?" என்று கேட்டேன்.

"மியூட்டுண்ணே. இத அமுக்குனா நம்ம சத்தம் அவங்களுக்குப் போகாது. அவங்க சத்தம் நமக்கு வரும்."

"சிக்னல் போகலயே. ஏன் பொய் சொல்ற?"

"டீச்சர் இருமுனா புள்ளைங்க பயந்துரும். இந்த நேரத்துல இருமலுன்னா என்னா நெனப்பாங்க? வகுப்புக்கே வராதுங்க."

முகம் காட்டுகிற வகுப்பு என்றால் போனை வானத்தைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு இருமுவாள். பிள்ளைகளுக்குப் பனிதான் தெரியும்.

நாள் போகப் போக அந்த மியூட்டு நீண்டது. சில பிள்ளைகள் போனை வைத்துவிட்டுப் போய்விடும். திரும்பப் பிடிப்பது பெரும் பாடு. அதனால் எல்லா வகுப்புக்கும் ஒரு சட்டம் போட்டாள். தினமும் தொடங்கும்போது சொல்வாள்.

"சத்தம் வரலைன்னா வைக்காதீங்க. சிக்னல் போயிருக்கும். அப்புடியே இருங்க. நான் வந்துருவேன்."

சின்னதுகள் கோரஸாகத் திருப்பிச் சொல்லும்.

கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு இரண்டைச் சேர்த்து, கம்பு நட்டுக் காற்றுக்கு மறைப்புக் கட்டினேன். அரை நாளில் காற்று பிய்த்துவிட்டது. திரும்பக் கட்டினேன்.

காளியம்மா அத்தை இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டுச் சுடுதண்ணீர்ப் போத்தலில் கொடுத்துவிடும். என் கையில் கொடுக்காது. வேலியில் வைத்துவிட்டு, "சுடுகாட்டுச் சிறுக்கிக்குக் குடு" என்று சொல்லிவிட்டுப் போகும்.

நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

"போதும் பாப்பா. இந்தக் காத்து ஒனக்கு ஆகாது. எறங்கிரு."

"ஓஎல் புள்ளைங்களுக்குப் பரீட்ச முடியட்டும்ணே. அன்னக்கே எறங்கிர்றேன்."

"பரீட்ச எப்ப?"

"தள்ளித் தள்ளிப் போடுறாங்க. எனக்கு என்னா தெரியும்."

"அதுவரைக்கும் மூச்சு வேணுமே."

சிரித்தாள். "இருக்குண்ணே. கொஞ்சம் கொஞ்சமாத்தான் செலவழிக்கிறேன்."

குடையைக் காற்றுப் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

பெட்டியில் வைத்தது

இரண்டு நாள் விடாத மழை. வகுப்பு இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஜெயாவுக்கு மூச்சு வரவில்லை. பம்பு கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஏற்றினோம். நுவரெலியா போகவேண்டும். ராகலையையே தாண்டவில்லை.

என் கையைப் பிடித்திருந்தாள். பிடி விட்டது தெரிந்தது. ஆட்டோக்காரரிடம் திருப்பச் சொன்னேன்.

அந்தக் காலத்தில் சாவுக்கு ஆள் கூட்டக் கூடாது. மறுநாளே எடுத்துவிட வேண்டும். தப்பு மேளமும் அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னோம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. சின்னதுகளுக்கு யார் சொல்வது? ஆற்றுக்கு அந்தப் பக்கம் செய்தி போகவில்லை.

செத்தவர் கையோடு இருந்த பொருளைப் பெட்டிக்குள் வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் அப்பாவோடு தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி போனது. அம்மாவோடு வெற்றிலைப் பை போனது. ஜெயாவுக்கு என்ன வைப்பது என்று என் வீட்டுக்காரி கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் காளியம்மா அத்தை போனைத் தன் சேலையில் துடைத்து ஜெயாவின் கைக்கடியில் வைத்தது.

"இதுதானே எப்பயும் அவ கையில இருந்திச்சி," என்றது. "எடுத்துட்டுப் போகட்டும்."

சரி என்றுதான் எனக்கும் பட்டது. அணைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளத்தில் சிக்னல் இல்லை. அது பேசாமல் கிடந்தது.

வளைவில் பெண்கள் திரும்ப வேண்டும். மற்றவர்கள் நின்றார்கள். அத்தை நிற்கவில்லை.

"அத்த, நீங்க..." என்றார் தலைவர்.

"அவ தெனம் ஒக்காந்த எடம்தானே. நான் வாறேன்."

என் வீட்டுக்காரியும் பின்னால் வந்தாள். பிறகு எல்லாருமே வந்தார்கள். அப்போதுதான் பெட்டிக்குள் முதல் 'டிங்'.

மேலே

குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கினோம். அவள் கதிரை கடைசி வகுப்பன்று விட்ட இடத்திலேயே இருந்தது. மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. யாரோ சாய்த்து ஊற்றினார்கள்.

எங்கள் தோட்டத்தில் மூடிக்கு ஆணி அடிப்பது மேலே வைத்துத்தான். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கத் திறந்தோம்.

அந்த நேரம் போன் அடித்தது. இது டிங் இல்லை. அழைப்பு. அவள் கைக்கடியில் வெளிச்சம் வந்து வந்து போனது.

காலை வகுப்பு நேரம்.

நான் குனிந்தேன். தலைவர் தோளைப் பிடித்தார்.

"வச்சத எடுக்கக் கூடாது மச்சான். வீட்டுக்கு ஆகாது."

அது உண்மை. செத்தவருக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுத்தால் வீட்டில் இன்னொரு பெட்டி வரும் என்பார்கள். என் கை நின்றுவிட்டது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுறா," என்றது காளியம்மா அத்தை. "வச்சவ நான் சொல்றேன். வர்றது எங்கிட்ட வரட்டும். புள்ளைங்க கூப்புடுதுங்க, எடு."

எடுத்தேன். அவள் விரல் குளிர்ந்திருந்தது. போன் சூடாக இருந்தது.

'ஆண்டு 2' என்று இருந்தது. எழுத்துக் கூட்டாமலே படித்தேன். பச்சையை அமுக்கினேன். போன் வானத்தைப் பார்த்திருந்தது.

"டீச்சர், வணக்கம்!"

"டீச்சர், பனிதான் தெரியுது!"

"டீச்சர், சத்தம் வரல!"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். போனைத் திருப்பினேன். ஏழெட்டு முகம். ஈரத் தலை, திருநீறு, பிய்ந்த பாய், ஒன்றின் பின்னால் ஒரு கோழி.

"புள்ளைங்களா," என்றேன்.

"ஐ! பேய் மாமா!"

"பேய் மாமா, வணக்கம்!"

"மாமா, டீச்சர் எங்க?" அது சுபா. முன்பல்லில் பாதி முளைத்திருந்தது. "மழையில ரெண்டு நாளா வரலயே. நான் எல்லாம் எழுதிட்டேன்னு சொல்லுங்க."

பதில் வாய் வரைக்கும் வந்தது. அதோடு அழுகையும் வந்தது. அந்தச் சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாது. அவள் அமுக்குகிற இடம் எனக்குத் தெரியும். அமுக்கினேன். போனை வானத்துக்குத் திருப்பினேன்.

நான் அழுதது அந்த நேரம்தான். முன்னாலும் இல்லை. பின்னாலும் இல்லை.

போனுக்குள் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

"மாமாவக் காணோம்."

"சத்தம் போயிருச்சி."

"நான் வைக்கவா?"

"வைக்காதடி!" என்றது சுபா. "டீச்சர் சொன்னாங்கல்ல. சிக்னல் போயிருக்கும். அப்புடியே இருக்கணும். வந்துருவாங்க."

"எவ்வளவு நேரம்?"

"வர்ற வரைக்கும். நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க."

தாள் புரளும் சத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டது, ஜெயாவைப் போலவே.

"எங்கள் வீடு. எங்கள் வீடு சிறியது. எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார். தம்பி இருக்கிறான். கோ... கோழி இருக்கிறது."

ஓர் இடத்தில் தடுக்கியது. திருத்துவார்கள் என்று கொஞ்சம் நின்று பார்த்தது. ஒருவரும் திருத்தவில்லை. தானே முதலிலிருந்து தொடங்கியது.

தலைவர் கையில் சுத்தியல் இருந்தது. தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். அத்தை ஈரக் கதிரையில் உட்கார்ந்துவிட்டது. பனி ஏறி வந்து குழியை மூடியது.

சுபா வாசித்து முடிக்கும் வரை யாரும் ஆணி அடிக்கவில்லை.